குட்டை ஒழுகுது, சரி. யாருக்குங்க ஒழுகுது?

எங்க ஊர்க் குட்டைக்கு அடியில பிளாஸ்டிக் தாள் விரிச்சு, அதுக்கு மேல கான்கிரீட் போடோணும்னு ஒரு யோசனை கிளம்பியிருக்குதுங்க. சொன்னவங்க கெட்டவங்க இல்ல. இந்த ஊர்ல பொறந்து, படிச்சு, கோயமுத்தூர்லயும் பெங்களூர்லயும் நல்ல வேலையில இருக்கறவங்க. பொங்கலுக்கு வந்தா குட்டைக்கரையில நின்னு போட்டோ எடுத்துக்கறவங்க. கையில நாலு காசு இருக்குது, அதை ஊருக்குச் செலவு பண்ணோணும்ங்கற மனசும் இருக்குது. அதனாலதான் இதைக் கொஞ்சம் காரமா எழுத வேண்டியிருக்குது. கெட்டவன் வந்து குட்டையைக் கெடுத்தா ஊரே கூடி மறிக்கும். நல்லவங்க வந்து கெடுத்தா மாலை போட்டு, மைக்செட் கட்டிக் கொடுக்கும்.

விஷயம் தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். சோமனூர்ல இருந்து ரெண்டு மைல் தள்ளி எங்க ஊர். பாதிப் பேரு தறி ஓட்டறவங்க, மீதிப் பேரு தறியும் ஓட்டிக் காடும் பார்க்கறவங்க. ஊருக்கு மேக்கால மூணரை ஏக்கர்ல ஒரு குட்டை. அம்பது அறுபது வருஷமா எங்க சனம் கேட்டுக் கேட்டு வாய் வறண்டு போன அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் ஒருவழியா 2024 ஆகஸ்ட் 17ந் தேதி தொறந்தாங்க. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழ, பவானியோட உபரித்தண்ணி ஒன்றரை டி.எம்.சி.யை ஆறு இடத்துல மோட்டார் வெச்சு ஏத்தி, குழாய்லயே கொண்டு வந்து கோவை, திருப்பூர், ஈரோடு மூணு மாவட்டத்துலயும் 1045 குளம் குட்டைகள்ல விடறாங்க. எங்க குட்டைக்கும் குழாய் வந்துச்சு. போன ஆவணியில நாலடித் தண்ணி நின்னுச்சு. கொக்கு வந்துச்சு, முக்குளிப்பான் வந்துச்சு, பசங்க குதிச்சாங்க. இருபத்திரண்டு நாள். அப்புறம் பார்த்தா சேறு.

அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் இந்தப் பேச்சு. பவானியில இருந்து கரண்டு செலவு பண்ணி மேடேத்திக் கொண்டு வந்த தண்ணி மூணு வாரத்துல காணாமப் போச்சுன்னா யாருக்குமே வயிறு எரியத்தான் செய்யும். எரிச்சல்ல ஆளாளுக்கு ஒரு காரணம். டீக்கடையில ஒருத்தரு, கீழ பெரிய குகை இருக்குதுன்னாரு. தேங்காயைக் கையில வெச்சு நீரோட்டம் பார்க்கறவரு ஒருத்தரு வந்து, தெக்கால பாதாளத்துல ஒரு ஆறு ஓடுது, குட்டையோட கண்ணு அதுல தொறந்துக்கிச்சுன்னு சொல்லிட்டு ரெண்டாயிரம் வாங்கிட்டுப் போனாரு. நம்ம இன்ஜினியர் பசங்க குகையை நம்பல. ஆனா அவங்க வந்து சேர்ந்த முடிவும் அதே மாதிரிதான்: 'தரை ஒழுகுது, அடைச்சிடலாம்.' எங்க ஒழுகுது, எதுக்கு ஒழுகுது, ஒழுகி எங்க போகுதுன்னு மூணு கேள்வியில ஒண்ணைக்கூட யாரும் கேக்கல.

குகைக் கதை சில ஊருக்குப் பொருந்தும். தெற்கு ஸ்பெயின்ல மொந்தேஹாக்கேன்னு ஒரு ஊரு. 1920கள்ல அங்க 80 மீட்டருக்கு மேல உசரமா ஒரு அணை கட்டினாங்க. அணை இன்னைக்கும் சும்மா கம்பீரமா நிக்குது. தண்ணிதான் நிக்கல, ஒரு நாளும் நிக்கல. அங்க இருக்கறது சுண்ணாம்புப் பாறை. மழைத்தண்ணி பட்டுப்பட்டுக் கரைஞ்சு உள்ள வளை வளையாக் குடைஞ்சுக்கும். அந்த மலைக்குள்ள உண்மையாவே பெரிய குகை இருக்குது. நம்ம பக்கம் மதுக்கரையில சுண்ணாம்புக்கல் இருக்குது, சிமெண்ட் ஆலையே அதை நம்பித்தான் வந்துச்சு. ஆனா சோமனூர், கருமத்தம்பட்டி, சூலூர் சுத்துவட்டாரத்துல குட்டைக்கு அடியில இருக்கறது நைஸ் பாறை. கருப்பும் வெள்ளையுமா வரி வரியா இருக்குமே, நம்ம வீட்டு ஆட்டுக்கல்லு, படிக்கல்லுல பார்க்கறமே, அந்தச் சாதி. கோடிக்கணக்கான வருஷப் பழசு. இது கரையாது. கரையாத கல்லுல குகை வராது. பாதாள ஆறும் வராது. வெடிப்புத்தான் வரும்.

எங்க பக்கம் கெணறு வெட்டினவங்களுக்கு இதெல்லாம் புஸ்தகம் படிக்காமயே தெரியும். மேல ரெண்டு மூணு அடி செம்மண்ணோ கருமண்ணோ. அதுக்குக் கீழ வெள்ளை வெள்ளையாச் சுக்கான்கல்லு. அதுக்கும் கீழ, பாறையா மண்ணான்னு சொல்ல முடியாம, கடப்பாரையில குத்தினா பொலபொலன்னு உதிர்ற ஒண்ணு வரும். பாறையோட வரி அப்படியே தெரியும், கையில எடுத்தா மாவாயிடும். இதைத்தான் இப்ப லாரிக்காரங்க 'கிராவல்'னு விக்கறாங்க. சில இடத்துல பத்தடி, சில இடத்துல அறுவது எழுவது அடி ஆழம் வரைக்கும் இது போகும். அதுக்குக் கீழதான் கெட்டிப்பாறை, வெடி வெச்சாத்தான் அசையும்.

இதுல தண்ணியைத் தேக்கி வெச்சுக்கறது எதுன்னு நெனைக்கறீங்க? கெட்டிப்பாறை இல்ல. அந்தக் கிராவல்தான். நூறு லிட்டர் இடத்துல ரெண்டோ மூணோ லிட்டர்தான் நமக்குக் கொடுக்கும், ஆனா அது ஊர் முழுக்கப் பரந்து கெடக்குதில்லையா, அதனால மொத்தமாப் பார்த்தா பெரிய தொட்டி. கெட்டிப்பாறையில தண்ணி நிக்கறதுக்கு இடமே கெடையாது. அங்கங்க விரல் தடிமனுக்கு வெடிப்பு ஓடும், தண்ணி அது வழியாப் போகும், வரும், அவ்வளவுதான். ஒண்ணு தொட்டி, ஒண்ணு குழாய். இந்த வித்தியாசத்தை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டீங்கன்னா மேல நான் சொல்லப்போறது எல்லாம் புரிஞ்சிடும்.

குட்டையில எவ்வளவு தண்ணி பூமிக்குள்ள போகுதுன்னு கண்டுபிடிக்க லட்ச ரூபா கருவி எதும் வேண்டாமுங்க. ரெண்டு மூங்கில் குச்சியில கோடு போட்டுக் குட்டைக்குள்ள நட்டேன். பக்கத்துலயே ஒரு பெரிய அலுமினிய அண்டாவுல தண்ணி ஊத்தி, விளிம்பு மட்டும் வெளிய தெரியற மாதிரி குட்டைக்குள்ளயே பதிச்சேன். மேல ஆடு மாடு வாய் வைக்காம முள்ளுவேலி. அண்டாவுல எறங்கறது காத்துக்கும் வெயிலுக்கும் போற தண்ணி. குட்டையில எறங்கறதுல அதைக் கழிச்சா மீதி பூமிக்குப் போறது. அந்த மூணு வாரமும் மழை இல்ல, பாலக்காட்டுக் கணவாய்க் காத்து சும்மா வீசிட்டு இருந்துச்சு. அண்டா ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் எறங்குச்சு. குட்டை 56 எறங்குச்சு.

அதாவது 50 மில்லிமீட்டர், கட்டைவிரலை விடக் கொஞ்சம் உசரம், தினமும் பூமிக்குள்ள. மூணரை ஏக்கருக்கு அதைப் பெருக்கிப் பாருங்க: ஒரு நாளைக்கு ஏழு லட்சம் லிட்டர். பன்னெண்டாயிரம் லிட்டர் தண்ணி லாரியில ஏத்தினா 58 லாரி. லாரிக் கணக்கு எதுக்குச் சொல்றேன்னு அப்புறம் தெரியும்.

இதே அண்டாவையும் குச்சியையும் தூக்கிட்டுப் போய் ஒரு மைல் தள்ளி இருக்கற பக்கத்து ஊர்க் குட்டையிலயும் வெச்சுப் பார்த்தேன். அதே திட்டத்துத் தண்ணி, அதே மண்ணு, அதே காத்து. அங்க குட்டை ஒரு நாளைக்கு 14 மில்லிமீட்டர்தான் எறங்குச்சு. அண்டாக் கணக்கைக் கழிச்சா வெறும் எட்டு. எங்களுது அம்பது, அவங்களுது எட்டு. ஆறு மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வந்துச்சு?

ஆறேழு வருஷத்துக்கு முன்னாடி எங்க குட்டையைத் தூர்வாரினாங்க. தூர்வாரறது தப்புன்னு சொல்ல வரல. வண்டலை எடுத்துக் காட்டுக்கு அடிக்கறது எங்க அப்பாரு காலத்துல இருந்து நடக்கறதுதான். மாட்டுவண்டியில அள்ளுவாங்க, கோடையில நாலஞ்சு வாரம் நடக்கும், ஒரு சாண் எடுத்தா பெருசு. ஆனா பொக்லைன் வந்தா நிலைமையே வேற. வண்டல் மூணடியோட முடிஞ்சு போச்சு, பொக்லைன் முடியல. தென்கிழக்கு மூலையில அரை ஏக்கருக்குப் பன்னெண்டு அடி பள்ளம். வண்டல் விவசாயிக்கு இலவசம், கிராவலுக்கு லோடுக்கு இவ்வளவுன்னு ரேட்டு. எந்தக் காட்டுக்கும் கிராவல் உரம் ஆகாதுங்க, அது போனது மனைப்பிரிவு ரோட்டுக்கு. 'குட்டை ஆழமாச்சுல்ல, நல்லதுதானே'ன்னு ஊர்ல சொன்னாங்க. டவுன்ல இருந்து வந்தவங்களும் பள்ளத்துல நின்னு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிப் படம் எடுத்துப் போட்டாங்க.

அந்தப் பள்ளத்தோட அடியில இன்னைக்குப் போய்ப் பாருங்க. மேக்க இருந்து கிழக்க ஒரு வெள்ளை வரி ஓடும், மூணு நாலடி அகலம். வெங்கச்சங்கல்லு. சின்னப் பசங்க ரெண்டை எடுத்து உரசி நெருப்புப் பொறி பார்ப்பாங்களே, அதேதான். நைஸ் பாறையோட வெடிப்புக்குள்ள புகுந்து உறைஞ்ச கல்லு அது. கெட்டியானது, ஆனா கண்ணாடி மாதிரி சிலும்பும். பூமி கொஞ்சம் முறுக்கினாலும் சுத்தி இருக்கற பாறை வளைஞ்சு கொடுக்கும், இது நொறுங்கிடும். நொறுங்கின எடமெல்லாம் தண்ணிக்கு வழி. பாலக்காட்டுக் கணவாயில இருந்து காவேரி வரைக்கும் இந்தப் பட்டையில பாறையோட வரி பெரும்பாலும் கிழக்கு மேற்காத்தான் ஓடும்; நிலவியல்காரங்க இதுக்குப் பாலக்காடு–காவேரி முறிவுப் பட்டைன்னே பேர் வெச்சிருக்காங்க. எங்க வெங்கச்சங்கல்லும் அதே தெசையிலதான் படுத்திருக்குது.

இத்தனை காலமா அது மேல பத்தடிக் கிராவலும் மூணடி வண்டலும் போர்வை மாதிரி மூடியிருந்துச்சு. கோடையில காஞ்சு பாளம் பாளமா வெடிக்கும் அந்தக் கருமண்ணு. முதல் மழைக்கு மடமடன்னு குடிக்கும். நாலஞ்சு நாள்ல ஊறி, உப்பி, வெடிப்பெல்லாம் தானா மூடிக்கும். ஆடு மாடு எறங்கி மிதிக்கறதும் சேர்ந்து அதைக் குழைச்சு வைக்கும். அதுக்கப்புறம் தண்ணி சொட்டுச் சொட்டாத்தான் எறங்கும், கிராவலுக்குள்ள நாலா பக்கமும் பரவும். பொக்லைன் அந்தப் போர்வையைக் கிழிச்சுக் குட்டையை நேராக் குழாய் வாய்லயே வெச்சிட்டுப் போயிடுச்சு.

இப்ப மூணாவது கேள்வி, எனக்கு இதுதான் முக்கியம். ஒழுகற தண்ணி யாருக்குப் போகுது?

நானூறு ரூபா டி.டி.எஸ். மீட்டர் ஒண்ணு வாங்கினேன். எங்க பக்கத்து நிலத்தடித் தண்ணி சப்புன்னு உப்பு, ரெண்டாயிரத்துக்கு மேலயே காட்டும். குழாய்ல வர்ற பவானித் தண்ணி இருநூறுதான். அப்ப நல்ல தண்ணி எந்தக் கெணத்துக்குள்ள போகுதோ அங்க நம்பர் எறங்கோணும். குட்டையைச் சுத்திப் பதினோரு கெணறு, போர் எடுத்துக்கிட்டேன். தண்ணி வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை, வந்ததுக்கப்புறம் நாலு நாளைக்கு ஒரு தடவை.

வடக்கால நூத்தம்பது அடியில, குட்டைக்கரையை ஒட்டினாப்புல ஒரு கெணறு. அதுல மீட்டர் அசையவே இல்ல. கிழக்கால நானூறு அடி தள்ளி இருக்கற கெணத்துல எட்டாம் நாள் 2100ல இருந்து 950க்கு வந்துச்சு. நேரா அதே கோட்டுல இன்னும் கால் மைல் போனா ஒரு காடு. காடுன்னு பேரு, வெள்ளாமை கெடையாது. ஆயிரத்து நூறு அடியில போர் ஓட்டி, லாரிக்குத் தண்ணி விக்கறாங்க. போர் பக்கம் என்னை விடலை. ரோட்டுல லாரி நிக்கறப்ப டேப்புல ஒழுகினதை டம்ளர்ல பிடிச்சுப் பார்த்தேன். முதல்ல 1900 இருந்த தண்ணி, இருபதாம் நாள் 1100. மீதி எட்டு எடத்துலயும் சொல்லிக்கற மாதிரி மாத்தம் இல்ல.

பதினோரு பேர்ல ரெண்டு பேருக்குத்தான் போயிருக்குதுங்க. அதுல ஒருத்தரு நாங்க எல்லாரும் சேர்ந்து கேட்டு வாங்கின பவானித் தண்ணியை லோடு எவ்வளவுன்னு விக்கறாரு. அது போற எடம் எங்க தெரியுமா? உங்க அபார்ட்மெண்டு சம்ப். காசு கொடுத்துத்தான் வாங்கறீங்க, உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா 'கிராமத்துல தண்ணியைத் தேக்கத் தெரியல'ன்னு சொல்றதுக்கு முன்னாடி அந்த லாரி எங்கிருந்து வருதுன்னு ஒரு தடவை டிரைவரைக் கேட்டுப் பாருங்க.

'எங்க தாத்தா காலத்துல மாசி வரைக்கும் தண்ணி நிக்குமே, இப்ப ஏன் நிக்கல?'ன்னு கேக்கறாங்க. நல்ல கேள்வி. அப்பவும் அதே வெங்கச்சங்கல்லு கீழ இருந்துச்சு. வித்தியாசம் என்னன்னா, அன்னைக்குக் குட்டைக்கு அடியில பூமி நெறைஞ்சிருந்துச்சு. கவலை கட்டி மாட்டை வெச்சு எறைச்ச காலத்துல மாட்டோட தெம்புக்கு ஒரு எல்லை உண்டு, கெணறு நாப்பது அம்பது அடிக்கு மேல போனா ஏத்தம் கட்டுபடி ஆகாது. 1930கள்ல பைக்காரா கரண்டு வந்துச்சு, கோயமுத்தூர்க்காரங்க மோட்டார் செய்யக் கத்துக்கிட்டாங்க. அப்புறம் கெணத்துக்குள்ளயே சைடு போர், அப்புறம் கம்ப்ரசர், அப்புறம் திருச்செங்கோட்டு ரிக் வண்டி. முந்நூறு, அறுநூறு, ஆயிரம், ஆயிரத்து நானூறு. கோவைக்குக் கிழக்கால இருக்கற வட்டாரம் பலதும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தோட கணக்குல வருஷக்கணக்கா 'அதிநுகர்வு'ப் பட்டியல்ல கெடக்குது. பூமி நெறைஞ்சிருந்தா குட்டைத் தண்ணிக்கு எறங்க எடமில்ல, நிக்கும். பூமி காலியா இருந்தா எறங்கும். இது ஓட்டை இல்லீங்க, தாகம்.

அதுலயும் ஒவ்வொரு போரும் ஒரு குழாய்தான். கேசிங் பைப் கெட்டிப்பாறையில போய் உக்கார்ற வரைக்கும்தான் எறக்குவாங்க. அந்த மூட்டு சரியா உக்காரலீன்னா, கிராவல்ல இருக்கற மேல்தண்ணி அது வழியா ஆயிரம் அடிக்குச் சொட்டிட்டே இருக்கும். வத்திப்போன போரை மூடறதைப் பத்தி ஊருக்கு எப்ப நினைவு வருதுன்னா, எங்காவது குழந்தை விழுந்து டி.வி.யில காட்டறப்பத்தான்.

சென்னைக்காரங்க 1987ல இருந்தே நிலத்தடித் தண்ணிக்கு ஒரு சட்டம் வெச்சிருக்காங்க. மீதித் தமிழ்நாட்டுக்கு 2003ல ஒரு சட்டம் போட்டாங்க. பத்து வருஷம் அமலுக்கே கொண்டு வராம வெச்சிருந்து, 2013ல ரத்தும் பண்ணிட்டாங்க. போர் போடறதுக்கு எல்லை வேணும்னு பேசினா எங்க ஆளுங்களே சண்டைக்கு வருவாங்க, தெரியும். எங்க தோட்டத்துலயும் போர் ஓடுது, அதை வெச்சுட்டுத்தான் பேசறேன். வெள்ளாமைக்கு எறைக்கறதும் லாரிக்கு எறைக்கறதும் ஒண்ணு இல்ல. சோளத்துக்குப் பாய்ச்சின தண்ணியில கொஞ்சமாவது திரும்பப் பூமிக்கு எறங்கும். லாரி ஏறின தண்ணி எங்க பூமிக்குத் திரும்பவே திரும்பாது.

சரி, பிளாஸ்டிக் தாளுக்கு வருவோம். விரிச்சிட்டீங்கன்னு வெச்சுக்குவோம். ஒரு சொட்டு கீழ போகாது. ஆனா மேல? அண்டாக் கணக்குப்படி நாளைக்கு 6 மில்லிமீட்டர். நாலடித் தண்ணி ஏழு மாசத்துல ஆவியாகி வானத்துக்குப் போயிடும். நம்ம பக்கம் தொறந்த தண்ணி வருஷத்துக்கு ஏறத்தாழ ஆறடி காத்துல போகும். பெய்யற மழையோ ரெண்டடிச் சில்லறை. அப்ப ஒண்ணே முக்கால் கோடி லிட்டர் பவானித் தண்ணியை மோட்டார் வெச்சு மேடேத்தி, ஏழு மாசம் வெயில்ல காய வெச்சு, ஒரு கெணத்துக்கும் கொடுக்காம அனுப்பி வைக்கறதுக்குப் பேரு 'நீர் மேலாண்மை'யா? படகு விடலாம், சுத்தி நடைபாதை போடலாம், சாயங்காலம் கலர் லைட் போடலாம். கோயமுத்தூர்ல குளத்துக்கரையெல்லாம் இப்ப அப்படித்தான் ஜொலிக்குது. எங்களுக்குச் சாயங்காலம் நடக்க இட்டேரி இருக்குதுங்க.

பண்ணைக்குட்டைக்குத் தாள் விரிக்கறதையும் இதையும் போட்டுக் குழப்பிக்க வேண்டாம். ஒருத்தர் தன்னோட காட்டுல, போர்த்தண்ணியைப் பிடிச்சு வெச்சு நாலு நாள்ல சொட்டுநீர்க் குழாய்ல விடறதுக்குத் தாள் வேணும். அது தொட்டி. ஊர்க்குட்டை வேற. அத்திக்கடவுத் திட்டத்தோட முழுப் பேர்லயே 'நிலத்தடி நீர் செறிவூட்டுதல்' இருக்குது. கசிவுநீர்க் குட்டைன்னு அரசாங்கமே ஊர் ஊராக் கட்டி வெச்சிருக்குதே, பேரே கசிவுநீர்க் குட்டை. கசியறதுக்குக் கட்டினதைக் கசியுதுன்னு குத்தம் சொல்லிக் கான்கிரீட் போடறது, சல்லடையில ஓட்டை இருக்குதுன்னு ஈயம் பூசற கதை.

கசிவு எவ்வளவு தூரம் போகும்னு சந்தேகம் இருக்கறவங்க சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையம் போயிட்டு வரலாம். நொய்யலுக்குக் குறுக்க 1992ல தொறந்த அணை. பாசனத்துக்குத்தான் கட்டினாங்க. திருப்பூர்ச் சாயத்தண்ணி வந்து தேங்குச்சு. அணையில நின்ன சாயம் அணையோட நிக்கல. அதே நைஸ் பாறை, அதே கிராவல், அதே வெடிப்பு வழியா எறங்கிச் சுத்துவட்டாரக் கெணத்துக்கெல்லாம் போச்சு. தென்னை காஞ்சுச்சு, கெணத்துத் தண்ணியை மாடு மோந்து பார்த்துட்டுத் திரும்பிக்கிச்சு. கடைசியில அணையில தண்ணி தேக்க வேண்டாம்னு விவசாயிகளே கேக்கற நிலைமை. 2011 சனவரியில சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ற வரைக்கும் போச்சு அந்த வழக்கு. நீர்த்தேக்கமும் சுத்தி இருக்கற கெணறும் வேற வேற இல்லைங்கறதுக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் என்ன வேணும்? இன்னைக்கு எங்க குட்டைப் பள்ளத்துல நாலு கோழிக்கழிவு மூட்டை கெடக்குது. வெங்கச்சங்கல்லு வரி அதை வடிகட்டாது, அப்படியே கொண்டு போய்க் கொடுக்கும். முந்தி மூணடிக் கருமண்ணும் பத்தடிக் கிராவலும் வடிகட்டிக் கொடுத்துட்டு இருந்துச்சு.

அதனால என்னோட வாதம் இதுதான். குட்டை கசியட்டும். எல்லாருக்கும் கசியோணும். கிராவல் வழியா மெதுவா, நாலு பக்கமும், பதினோரு கெணத்துக்கும் போகோணும். வெள்ளை வரி வழியா ஒரே ஓட்டமா ஓடி ஒருத்தரோட லாரிக்குப் போகக் கூடாது. மூணரை ஏக்கரையும் மூட வேண்டியதில்ல, அந்த அரை ஏக்கர்ப் பள்ளத்துக்குப் பழையபடி போர்வை போட்டாப் போதும். அரை அடி அரை அடியாக் கருமண்ணைக் கொட்டி, தண்ணி தெளிச்சு, ரோலர் விட்டு மூணடி கட்டோணும். சுமாரா அறுநூறு டிராக்டர் நடை. மத்த எடத்துல வண்டல் ரொம்பக் கெட்டிச்சுப் போனா மேல ஒரு சாண் சுரண்டினாப் போதும், பொக்லைன் வேண்டாம்.

நகரத்துல இருந்து உதவி பண்ண நெனைக்கறவங்களுக்கு உண்மையாவே வேலை இருக்குது. பூமிக்குள்ள மின்சாரம் பாய்ச்சிப் பாறை எவ்வளவு ஆழத்துல இருக்குது, வெடிப்பு எந்தத் தெசையில ஓடுதுன்னு பார்க்கற சோதனை இருக்குதே, அதை ஊரைச் சுத்திப் பண்ணிக் கொடுங்க. தேங்காய் பார்க்கறவரை விடக் கொஞ்சம்தான் அதிகம் செலவாகும். இந்தப் பக்கம் ஓட்டின ஒவ்வொரு போர்லயும் எத்தனை அடியில கிராவல் முடிஞ்சுது, எத்தனை அடியில வெள்ளைக்கல்லு வந்துச்சு, எங்க தண்ணி தட்டுச்சுன்னு ரிக் வண்டிக்காரங்களுக்குத் தெரியும். அதை யாரும் எழுதி வைக்கறதில்ல. உக்காந்து கேட்டு எழுதி ஒரு படம் போட்டுக் கொடுங்க. 1970கள்ல ஸ்வீடன் நாட்டு உதவியோட மத்திய நிலத்தடி நீர் வாரியம் நொய்யல், பொன்னானி, வட்டமலைக்கரை ஓடைப் படுகையெல்லாம் ஆராய்ஞ்சாங்க. ஸ்வீடன்காரங்களுக்கு நம்ம பாறை மேல இருந்த அக்கறை நமக்கு இருக்கக் கூடாதுங்களா?

மார்ச் 22 கிராம சபையில இதை மனுவாக் கொடுக்கறேன், அண்டாக் கணக்கு, மீட்டர்க் கணக்கு எல்லாம் சேர்த்து. லாரிக்குத் தண்ணி எடுக்கற போரைப் பத்தியும் அதுல ஒரு பாரா உண்டு. அதைப் படிக்கறப்ப சத்தம் வரும்னு எதிர்பார்க்கறேன். கருமண்ணுக்கு அலைய வேண்டியதில்ல. அன்னைக்குக் குட்டையில இருந்து அள்ளினதுல பெரும்பங்கு ரெண்டு காட்டுல இன்னும் மேடாக் குமிஞ்சு கெடக்குது, புல்லு முளைச்சு. தர்றோம்னு அவங்க சொல்லியாச்சு. டிராக்டர் வாடகையும் ரோலர் வாடகையும்தான் வேணும். தாளுக்கும் கான்கிரீட்டுக்கும் போட்டு வெச்சிருக்கற மதிப்பீட்டுல இருபதுல ஒரு பங்கு ஆகும்.